விமானத்துக்குள் பேசும் கருவிகள்: பொறியியல் படிக்கும் ஒரு தம்பிக்கு எழுதிய பதில்

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில், கிளிநொச்சியில், மின்னும் மின்னணுவும் படிக்கிறேன். இராணுவத்துக்காகக் கண்டுபிடித்த கருவிகள்தான் பிறகு பயணிகள் விமானத்துக்கு வந்தன என்கிறார்கள். உண்மையா? பயிற்சிக்கு, காவலுக்கு, விபத்தைத் தடுக்க என்று இவ்வளவு கருவிகள் இருந்தும் ஏன் விமானங்கள் விழுகின்றன? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தத் துறையில் ஏதாவது செய்ய முடியுமா?"

தம்பி, முதல் கேள்விக்குப் பாதி ஆம், பாதி இல்லை. இரண்டாவது கேள்வியில்தான் சங்கதியே இருக்கிறது, அதனால் அதற்குத்தான் கூடுதலாக எழுதப்போகிறேன். மூன்றாவது கடைசியில்.

எங்கள் ஊரில் விமான மின்னணுவியல் அறிமுகமான விதமே வேறு. என் வயது ஆட்களுக்கு அது 'வண்டு' சத்தமாகத்தான் வந்தது. மேலே ஆளில்லா விமானம் வட்டமடித்தால், பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும் என்று பங்கருக்குள் இறங்கிய தலைமுறை நாங்கள். ஆகவே இராணுவக் கண்டுபிடிப்பு என்றதும் மனசு ஒரு பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் பிற்பாடு வெளிநாட்டில் விமானப் பராமரிப்புக் கொட்டகையில் ஏவியோனிக்ஸ், அதாவது விமான மின்னணுவியல், வேலைக்குப் போனபோது, அதே குடும்பத்துக் கருவிகள் பயணிகளின் உயிரைக் காப்பதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே தொழில்நுட்பம்தான், அதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை விமானத்தை ஓட்டுவதில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு செய்தியை நேரத்தோடு சொல்கின்றன, அவ்வளவுதான். சொல்வது பொறியியலில் சுலபமான பகுதி. அந்த மனிதன் அதை நம்பி, அந்த விநாடியே கையை அசைக்க வேண்டுமே, கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. விபத்து அறிக்கைகளை வாசித்தால், கருவி இல்லாமல் போன விபத்துக்குப் பக்கத்திலேயே, கருவி சொல்லியும் ஆள் கேட்காமல் போன விபத்தும் இருக்கும்.

பயிற்சியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்றொருவர். அப்பாவுக்கு பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை. காற்றுத் துருத்தியும் குழாயும் வால்வும் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவற்றையே வைத்து 1929இல் அசையும் ஒரு பொய் விமானத்தைச் செய்தார். குட்டையான இறக்கை, ஒருவர் மட்டும் இருக்க இடம், கீழே துருத்திகள். கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தால் பெட்டி சாயும், திரும்பும். ஆரம்பத்தில் இதை வாங்கியவர்கள் யார் தெரியுமா? கேளிக்கைப் பூங்காக்காரர்கள். காசு போட்டு ஏறி ஆடும் விளையாட்டுச் சாமானாகத்தான் அது போனது.

1934இல் நிலைமை மாறியது. அமெரிக்க அரசு தபால் விமானச் சேவையைத் தனியாரிடமிருந்து பறித்து இராணுவ விமானிகளிடம் கொடுத்தது. முகிலிலும் இரவிலும் பறந்து பழகாத பெடியள். சில மாதங்களுக்குள் ஒரு டசின் பேர் வரை செத்தார்கள். இராணுவம் உடனே ஆறு லிங்க் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டு, நேச நாட்டு விமானிகள் இலட்சக்கணக்கில் அதில் இருந்து பழகினார்கள்.

அந்தப் பெட்டி கற்றுக்கொடுத்தது விமானம் ஓட்ட அல்ல. உங்கள் காது பொய் சொல்லும் என்பதைத்தான். உட்செவியில் இருக்கும் திரவம் திருப்பத்தின் தொடக்கத்தை மட்டும்தான் உணரும். திருப்பம் நீடித்தால் நேராகப் போவதாகவே தோன்றும். முகிலுக்குள் தொடுவானம் தெரியாது, ஆகவே உடம்பு நேர் என்று சொல்லும்போது விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். வெளிக்காட்சி மறைந்த பிறகு அவர்கள் கட்டுப்பாட்டை இழக்க எடுத்த சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

போருக்கு நடுவே, 1944இல், அமெரிக்கக் கடற்படை அங்குள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திடம் போய் எந்த விமானத்தையும் பாவனை செய்யக்கூடிய ஒரு பொதுப் பயிற்சிக் கருவி கேட்டது. ஜே ஃபொரெஸ்டர் தலைமையில் தொடங்கிய வேலை, அனலொக் சுற்றுகளால் ஆகாது என்று இலக்கமுறைக் கணினிக்குத் தாவி, வேர்ல்விண்ட் என்ற கணினியாக முடிந்தது. காந்த வளைய நினைவகம் நடைமுறைக்கு வந்ததும் அதில்தான். விமானப் பயிற்சிக் கருவி என்ற மூல நோக்கத்தை நடுவழியிலேயே கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கணினி பிறகு அமெரிக்க வான்காப்பு ராடர் வலைப்பின்னலுக்குப் போனது. உங்கள் கணினிப் பாடப் புத்தகத்தில் இந்த வரலாறு வராவிட்டால் விரிவுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல கதை.

இன்றைய பெரிய சிமுலேட்டர்கள் நீண்டு சுருங்கும் ஆறு கால்களில் நிற்கும் அறைகள். உள்ளே விமானம் வேகமெடுப்பது போல உணரவைக்க, திரையில் ஓடுபாதை விரைய, அறையை மெதுவாகப் பின்பக்கம் சாய்ப்பார்கள். புவியீர்ப்பு உங்களைக் கதிரையில் அழுத்தும், மூளை அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். லிங்க் எந்த ஏமாற்றை எதிர்த்துப் பழக்கினாரோ அதே ஏமாற்றை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பொய்யான பாவனை பிழையான பாடத்தையும் ஊட்டும். 2001 நவம்பர் 12இல் நியூயோர்க்கில் விழுந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் 587ஐ எடுங்கள். முன்னால் போன ஜம்போ ஒன்றின் காற்றுச் சுழலில் விமானம் ஆடியது. துணை விமானி சுக்கான் மிதியை இடமும் வலமும் மாறி மாறி முழுசாக அழுத்தினார். வால் துடுப்பே கழன்றுபோனது. விமானத்திலும் நிலத்திலுமாக 265 பேர் இறந்தார்கள். அந்த ஏர்பஸ்ஸின் சுக்கான் மிகச் சின்ன அழுத்தத்துக்கே பெரிதாக அசைவதை விசாரணை ஒரு காரணமாகச் சொன்னது. இன்னொரு காரணம், அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டம். சிமுலேட்டரில் அந்தப் பாடத்தை நடத்தும்போது விமானம் பெரிதாகச் சாயும்வரை விமானியின் கட்டளைக்கு அது மசியாதபடி அமைத்திருந்தார்கள். பாவம், அவர் படித்ததைத்தான் செய்தார்.

தரைப்படைப் பயிற்சியிலும் இதே தொழில்நுட்பம் உண்டு: வெற்றுத் தோட்டா வெடித்ததும் துப்பாக்கி முனையிலிருந்து லேசர் போகும், எதிராளி அணிந்திருக்கும் பட்டியில் உணரி அதைப் பிடித்துச் சத்தம் போடும். 1980களில் அமெரிக்க இராணுவத்தில் பரவலானது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இனி விபத்துத் தடுப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்பதே சுற்றுலா போகும்போதுதான். பலாலியில் இறங்கும் ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானம் கடலையும் பனையையும் வயலையும் தவிர எதையும் கடப்பதில்லை. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் ஒரு விமானம், நல்ல விமானியின் கையில், நேராகப் போய் மலையில் மோதும் என்பது எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஜெட் விமானப் போக்குவரத்தின் முதல் இரண்டு பத்தாண்டுகளில் அதிகம் பேரைக் கொன்ற விபத்து வகைகளில் அது முன்வரிசை. எங்கள் தீவிலேயே நடந்திருக்கிறது.

1974 டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிப் போன மார்ட்டின் எயார் டி.சி. 8 விமானம், வழியில் கட்டுநாயக்காவில் இறங்க வந்தது. விமான நிலையம் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்து உயரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். உண்மையில் விமான நிலையம் இன்னும் சுமார் 75 கிலோமீற்றர் தள்ளி இருந்தது. இடையில் மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலை. 191 பேரும் போய்விட்டார்கள். இலங்கையின் மிக மோசமான விமான விபத்து இன்றைக்கும் அதுதான்.

இலங்கை விசாரணையின் கருத்துத்தான் உங்களுக்கு முக்கியம். விமானக்குழு தங்கள் இடத்தைப் பிழையாகக் கணித்தது என்பதோடு அது நிற்கவில்லை. விமானத்தில் இருந்த டொப்ளர் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியிருந்ததும், அவை பிழையாகப் புரிந்துகொள்ள இடம் கொடுத்ததுமே காரணம் என்றது. டொப்ளர் வழிகாட்டி கீழே ரேடியோ கதிர்களை அனுப்பி, திரும்பி வரும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் வரும். சின்னப் பிழைகூட மணித்தியாலம் போகப் போக வளர்ந்துகொண்டே போகும். நீண்ட கடற்பயணம் கடந்து வந்த விமானத்துக்கு அது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இதுவும் முதலில் இராணுவ விமானங்களுக்காக வளர்த்த தொழில்நுட்பம். இராணுவத்திலிருந்து வருவது எல்லாம் மேலான சாமான் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

அதற்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவில் டி.டபிள்யூ.ஏ. 514 என்ற பயணிகள் விமானம் வாஷிங்டனுக்குப் பக்கத்து மலையொன்றில் மோதி 92 பேர் இறந்தார்கள். அந்த மாதமே அமெரிக்க அதிகாரிகள் தரை அண்மை எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். கருவி ஏற்கெனவே தயாராக இருந்தது. செய்தவர் டொன் பேட்மன், கனடாவின் சஸ்கட்டூனில் பிறந்த பொறியியலாளர், பிற்காலத்தில் ஹனிவெல் நிறுவனத்தோடு சேர்ந்த ஒரு சின்னக் குழுவின் தலைவர். 2023இல்தான் காலமானார்.

அவருடைய கருவியின் அழகு, புதுசாக எந்த உணரியையும் விமானத்தில் ஏற்றவில்லை என்பது. ரேடியோ அல்டிமீட்டர் ஏற்கெனவே இருந்தது. 4200 முதல் 4400 மெகாஹேர்ட்ஸ் வரையான அலையைக் கீழே அனுப்பித் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும் பெட்டி அது. (2022இல் அமெரிக்காவில் 5ஜி அலைவரிசைக்கும் விமான நிறுவனங்களுக்கும் சண்டை வந்ததே, இந்தப் பட்டைக்குப் பக்கத்துப் பட்டையால்தான்.) பேட்மன் செய்தது, அந்த உயரம் குறைகிற வேகத்தைக் கணக்கிட்டது. தரை சடுதியாக நெருங்கினால், சக்கரம் இறக்காமல் தரை கிட்ட வந்தால், ஏறிக்கொண்டிருக்கும் விமானம் திடீரென்று கீழே போனால், ஒரு மனிதக் குரல் "புல் அப்" என்று கத்தும். மேலே இழு. கொட்டகையில் இதைச் சோதிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வெறும் விமான அறையில், எந்திரம் எதுவும் ஓடாத அமைதியில், அந்தக் குரல் தன் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். சோதனைதான் என்று தெரிந்தாலும் முதல் தடவை கேட்கும் பெடியன் ஒருமுறை திடுக்கிடாமல் இருக்கமாட்டான்.

ஆனால் முதல் தலைமுறைக் கருவிகள் வீணாகக் கத்தின. கீழே ஒரு மேடு கடந்தாலே கத்தும். விமானிகள் சலித்துப்போய் அதை அணைத்துவிடவும் செய்தார்கள். சும்மா சும்மா குரைக்கும் நாய்க்கு இரவில் யார் எழும்பிப் போய்ப் பார்க்கிறார்கள்? அடுத்த பல வருடங்கள் பேட்மன் குழுவின் வேலை இன்னும் நன்றாகக் கத்த வைப்பது அல்ல, தேவையில்லாத நேரம் வாய் மூட வைப்பது.

அதற்குப் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. கருவி கீழேதான் பார்க்கும், முன்னே பார்க்காது. செங்குத்தான மலை என்றால் எச்சரிக்கை வரும்போது காலம் கடந்திருக்கும். 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்குப் போன அமெரிக்கன் 965க்கு எச்சரிக்கை வந்ததும் விமானிகள் இழுத்தார்கள். ஆனால் மோதலுக்குச் சுமார் பன்னிரண்டு விநாடிதான் மிச்சம். வேகத்தடுப்புத் தகடுகளை மடக்கவும் மறந்துவிட்டார்கள். 159 பேர். இதற்கான விடை அப்போது பேட்மன் கையில் ஏறக்குறைய தயாராக இருந்தது: உலகத்தின் மேடு பள்ளத்தை முழுக்கக் கருவியின் நினைவகத்தில் ஏற்றிவிட்டு, ஜி.பி.எஸ். இடத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே சொல்வது. ஆனால் உலகத்தின் துல்லியமான நிலப்படம் யாரிடம் இருந்தது? சோவியத் இராணுவத்திடம். ஒன்றியம் உடைந்த பிறகு அந்தப் படங்கள் விலைக்கு வந்தன, வாங்கிவிட்டார்கள். போருக்காக அளந்த மலைகள், இன்று பயணிகளைக் காக்கும் கருவிக்குள் கிடக்கின்றன. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே வேலையைப் போர் விமானத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. அமெரிக்க எஃப் 16 விமானங்களில் 2014 முதல் ஒரு கருவி இருக்கிறது. அது கத்துவதோடு நிற்காது, தானே விமானத்தைப் பிடுங்கி மேலே இழுக்கும். திருப்பத்தின் அழுத்தத்தில் இரத்தம் மூளைக்குப் போகாமல் விமானி மயங்கினால் கத்திப் பிரயோசனம் இல்லைத்தானே. 2016இல் ஒரு பயிற்சி விமானி அப்படி மயங்கி மூக்குக் குத்தாய் இறங்கியபோது அது காப்பாற்றியது. வடிவமைத்தவர்கள் வைத்த விதிகளின் வரிசைதான் என்னை யோசிக்க வைத்தது. முதலாவது, தீங்கு செய்யாதே. இரண்டாவது, விமானியின் வேலைக்குக் குறுக்கே நிற்காதே. மோதலைத் தவிர் என்பது மூன்றாவதுதான். தேவையில்லாமல் ஒருமுறை கட்டுப்பாட்டைப் பிடுங்கினால் விமானிகள் அதை அணைத்துவிடுவார்கள், அணைத்த கருவி யாரையும் காக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக. அது இராணுவத்திலிருந்து வரவில்லை, விமானப்படைக்கு விருப்பமே இல்லாமல்தான் வந்தது. மெல்பேணில் ஆய்வுகூடத்தில் வேலை செய்த டேவிட் வொரன், 1953இல் கொமெட் என்ற பயணிகள் ஜெட்கள் ஏன் விழுகின்றன என்ற ஆராய்ச்சியில் இருந்தபோது, விமானி கடைசியாகச் சொன்னது பதிவாகியிருந்தால் என்ன என்று யோசித்தார். எஃகுக் கம்பியில் நாலு மணித்தியாலக் குரலையும் சில அளவுகளையும் பதியும் மாதிரியைச் செய்தார். ஆஸ்திரேலிய விமானப்படை, விளக்கத்தைவிட வசவுதான் கூடப் பதிவாகும் என்று பதில் அனுப்பியது. அவருடைய தகப்பனும் 1934இல் பாஸ் நீரிணையில் ஒரு விமானத்தோடு காணாமல் போனவர். அப்போது வொரனுக்கு ஒன்பது வயது. பெட்டி கறுப்பல்ல, செம்மஞ்சள். கடலில் விழுந்தால் 37.5 கிலோஹேர்ட்ஸில் ஒலி எழுப்பும். முன்பு 30 நாளுக்கு எழுப்பினால் போதும் என்றிருந்தது, 2009இல் எயார் பிரான்ஸ் 447ஐத் தேடி அலைந்த அனுபவத்துக்குப் பிறகு 90 நாள் ஆக்கினார்கள்.

அடுத்தது, யார் வருகிறார் என்று அறிவது. இது முழுக்க முழுக்கப் போர்ப் பிள்ளை. ராடர் வந்த உடனேயே ஒரு சிக்கலும் வந்தது: திரையில் தெரியும் புள்ளி எங்கள் ஆளா எதிரியா? பதில் சொல்லும் ஒரு பெட்டியை எங்கள் விமானத்தில் வைத்துவிடு என்றார்கள். தரையிலிருந்து கேள்வி போகும், பெட்டி குறியீட்டைத் திருப்பி அனுப்பும். இன்று பயணிகள் விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பொண்டர் அதன் நேரடி வாரிசு. கேள்வி 1030 மெகாஹேர்ட்ஸ், பதில் 1090. நாலு இலக்கக் குறியீடு, ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை, ஆக மொத்தம் 4096. கடத்தல் என்றால் 7500, ரேடியோ பழுதானால் 7600, வேறு ஆபத்து என்றால் 7700. கடத்தல்காரன் பக்கத்தில் நிற்கும்போதும் விமானி சத்தமில்லாமல் ஒரு எண்ணைத் திருப்பிவிடலாம்.

டிரான்ஸ்பொண்டர் உயரத்தையும் சொல்லும் என்பதுதான் பெரிய லாபம். சாதாரண ராடருக்குத் தூரமும் திசையும்தான் தெரியும். 1996 நவம்பர் 12இல் டெல்லிக்குப் பக்கத்தில் சர்க்கி தாத்ரியில் சவூதி ஜம்போவும் கசாக் இலியூஷினும் வானில் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லிக் கட்டுப்பாட்டாளரின் திரை அந்தப் பழைய வகைதான். விமானப்படைக்கு ஒதுக்கிய வான்பரப்பு போக, போகிற விமானத்துக்கும் வருகிற விமானத்துக்கும் ஒரே பாதை. கசாக் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தைவிடக் கீழே இறங்கியது அவர் திரையில் தெரியவே வழியில்லை. இதற்குப் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. இரண்டு விமானங்களின் டிரான்ஸ்பொண்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, ஒன்றை ஏறச் சொல்லி மற்றதை இறங்கச் சொல்லும் கருவி அது.

சரி, கருவி வந்தாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? 2002 ஜூலை 1, ஜேர்மனியின் ஊபர்லிங்கன். ரஷ்ய விமானத்தைத் தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். சில விநாடிகளில் விமானத்தில் இருந்த கருவி ஏறச் சொன்னது. விமானிகள் மனிதனை நம்பினார்கள். எதிரே வந்த சரக்கு விமானத்தைக் கருவி இறங்கச் சொல்லியிருந்தது, அது கருவிக்குக் கீழ்ப்படிந்தது. இரண்டும் சேர்ந்து இறங்கின. 71 பேர், பெரும்பாலும் சுற்றுலா போன பிள்ளைகள். கருவி இரண்டு பக்கமும் சரியாகத்தான் சொன்னது. யாரை நம்புவது என்ற விதியைத்தான் உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுதி வைக்கவில்லை. பிறகு எழுதினார்கள்: கருவி சொன்னால் கருவியைக் கேள்.

இன்னும் மோசமானது 1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் எயார் 655ஐப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர். அந்தக் காலத்தின் அதிநவீன ராடர் அமைப்பு கப்பலில் இருந்தது. பயணிகள் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த அமைப்பு சரியாகவே பதிந்திருந்தது. பதற்றத்தில் இருந்தவர்கள் அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று கப்டனுக்குச் சொன்னார்கள். பிறகு நாடாக்களை எடுத்துப் பார்த்த விசாரணையே இதைச் சொல்லியிருக்கிறது. இந்த இடத்தை மின்னணுவியல் மாணவர்கள் வடிவாக வாசிக்க வேண்டும் என்பேன்.

காவல் பக்கமும் இதே கதைதான். விமான நிலையத்தில் பைகளை விழுங்கும் எக்ஸ்ரே பெட்டியின் திரையை எட்டிப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வேறு சக்தி அளவுகளில் கதிர் அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற வித்தியாசத்திலிருந்து பொருளின் தன்மையைக் கணிக்கிறது. சாப்பாடு, துணி, வெடிமருந்து போன்றவை செம்மஞ்சள், உலோகம் நீலம், இடையில் உள்ளவை பச்சை. அம்மா கட்டிக்கொடுத்த பனங்கட்டியும் செம்மஞ்சளாகத்தான் தெரியும், ஆகவே அவர்கள் பையைத் திறக்கச் சொன்னால் கோபிக்காதீர்கள்.

1985 ஜூனில் டொரொண்டோவில் எயார் இந்தியா 182க்கான பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் இடையில் பழுதானது. கையில் பிடிக்கும் வெடிபொருள் மோப்பக் கருவியால் மிச்சத்தைச் சோதித்தார்கள். ஒரு பைக்கு மெல்லிய பீப் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று அங்கே நின்றவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பை ஏறியது. அத்திலாந்திக்குக்கு மேலே குண்டு வெடித்து 329 பேர் இறந்தார்கள். அந்தப் பையில்தான் குண்டு இருந்ததா என்பது வேறு விஷயம். சத்தத்துக்கு அர்த்தம் தெரியாத ஆளின் கையில் அந்தக் கருவியைக் கொடுத்ததுதான் என்னால் மறக்க முடியாதது.

இந்தக் குறைக்குப் பிறகு வந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்ரே திரைக்கு முன்னால் மணிக்கணக்காக இருப்பவருக்கு உண்மையான துப்பாக்கியோ குண்டோ கண்ணில் படுவது மிக அரிது. அரிதாக வருவதைக் கண் தவறவிடும். ஆகவே மென்பொருள் அவ்வப்போது பயணியின் பை படத்துக்குள் ஒரு பொய்த் துப்பாக்கியையோ பொய்க் குண்டையோ ஒட்டிக் காட்டும். கண்டுபிடித்துப் பொத்தானை அழுத்தினால், இது சோதனை, சரியாகப் பிடித்தீர்கள் என்று வரும். தவறவிட்டால் அதுவும் பதிவாகும். பயிற்சியும் காவலும் ஒரே கதிரையில், வேலை நேரத்திலேயே.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. 2023க்குப் பிறகு மத்திய கிழக்கு, பால்டிக் பக்கங்களில் போருக்காக ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குழப்புவதும் பொய்ச் சமிக்ஞை அனுப்புவதும் பெருகிவிட்டது. உச்ச உயரத்தில் போகும் விமானத்துக்குப் பொய் இடம் கிடைத்ததும், பேட்மனின் வாரிசுக் கருவி தரை கிட்ட இருப்பதாக நினைத்துப் "புல் அப்" என்று கத்துகிறது. கீழே பத்துக் கிலோமீற்றருக்கு வெறும் காற்று. பல பத்தாண்டு பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை இப்படிக் கரைகிறது. இன்றைக்கு இந்தத் துறையில் செய்ய வேலை இருப்பது இங்கேதான்: வந்த சமிக்ஞை உண்மையா பொய்யா என்று கருவியே கண்டுபிடிப்பது. அதற்குத் தொழிற்சாலை வேண்டாம். சமிக்ஞைச் செயலாக்கம், நிகழ்தகவு, கொஞ்சம் மனித நடத்தை உளவியல். கடைசிப் பாடத்தைப் பொறியியல் மாணவர்கள் தட்டிக்கழிப்பார்கள், நீங்கள் கழிக்காதீர்கள்.

கையால் செய்ய ஒரு திட்டம் சொல்கிறேன். விமானங்கள் 1090 மெகாஹேர்ட்ஸில் தங்கள் இடத்தையும் உயரத்தையும் தாங்களாகவே ஒலிபரப்பிக்கொண்டு போகின்றன, மறைகுறி இல்லாமல். ரி.வி. பார்க்கச் செய்த மலிவான யு.எஸ்.பி. அலைவாங்கி ஒன்றும் ஏழு சென்ரிமீற்றர் அளவில் ஒரு கம்பி ஏரியலும் இருந்தால் பிடிக்கலாம். குடாநாடு தட்டை நிலம், மாடியில் வைத்தால் மறைக்க ஒன்றுமில்லை. 35,000 அடியில் போகும் விமானம் கணக்குப்படி 400 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் தெரிய வேண்டும், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் பாக்கு நீரிணை முழுக்க உங்கள் திரையில். இராணுவ விமானங்கள் விரும்பினால் இந்த ஒலிபரப்பை நிறுத்திவிடும், ஆகவே அவை வராதது பழுதல்ல. ஒன்று மட்டும், எங்கள் ஊரில் கூரையில் ஏரியல் நட்டால் கேள்வி வரும். பீடத்தின் பெயரில் கடிதம் எடுத்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதியையும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிடித்த பிறகு, புள்ளிகள் ஓடுவதைப் பார்த்து ரசிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தச் செய்திக்குள், தான் சொல்லும் இடம் எவ்வளவு நம்பத்தக்கது என்று விமானமே தன்னைப் பற்றிச் சொல்லும் ஓர் எண்ணும் வருகிறது. ஜி.பி.எஸ். குழம்பினால் அந்த எண் விழும். சில மாதத் தரவைச் சேர்த்து, எந்த இடத்தில், எந்த நேரத்தில், ஒரே சமயம் எத்தனை விமானங்களுக்கு விழுகிறது என்று வரைபடத்தில் போடுங்கள். ஒரு விமானத்துக்கு மட்டும் என்றால் அதன் கருவியில் கோளாறு, பக்கத்துப் பக்கத்தில் பலவற்றுக்கு என்றால் வெளியிலிருந்து குழப்பம். இந்த இரண்டையும் தானாகப் பிரித்தறியும் நிரலை எழுதினால் இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தாராளமாகப் போதும். பலாலிக்கு வரும் சென்னை ஏ.டி.ஆர். தாழப் பறப்பதால் அதன் தரவு விட்டு விட்டுத்தான் கிடைக்கும், அதை முதலில் கணக்கில் சேர்க்க வேண்டாம்.